படகுக்காரி பதினேழாம் பகுதியில் சாகவில்லை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதில் கேம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். உலகத்தைச் சொல்வது அவர் வேலை, அதில் என்ன செய்வது என்று சொல்வது மற்றவர்கள் வேலை. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் எங்கள் வாடகை ஃபிளாட்டில் ஞாயிறு மதியம் தோறும் இரண்டு வருடமாக நான்தான் மாஸ்டர். வேறு யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

ஆடுபவர்கள் மூன்று பேர். கீழ்வீட்டுக்காரர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மலையாளி. இன்னொருத்தி என் ஆபீஸில் வேலை பார்க்கும் நெய்யாற்றின்கரைப் பெண். மூன்றாவது என் மனைவி. நாகர்கோவில்காரி, மருத்துவமனை லேபில் வேலை. அவள் ஷிப்டும் என் ஷிப்டும் சேர்ந்து வருவது அபூர்வம். வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் நாங்கள் நிதானமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. கதையில் அவள் ஒரு படகுக்காரி. கோபக்காரி, பாட்டும் பாடுவாள்.

நான் சாஃப்ட்வேர் சோதிப்பவன். எதிர்பாராதது நடந்தால் அதைப் பிழை என்று பதிவு செய்துதான் பழக்கம். ஆகவே ஆட்டத்துக்கும் ஒரு தடித்த நோட்டில் முழுக் கதையையும் பகுதி எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். 'என்ன செய்யிறீங்க?' என்று ஒவ்வொரு தடவையும் பெருந்தன்மையாகக் கேட்பேன். அவர்கள் யோசித்துச் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நோட்டில் இருப்பதைச் சொல்வேன். துறைமுகக் காட்சியில் கீழ்வீட்டுக்காரர், "சேட்டா, கப்பல் அங்ஙனெ அடுக்கில்லா கேட்டோ" என்று, கப்பல் அப்படிக் கரை அணையாது எனத் திருத்தினார். தினமும் கப்பலைப் பார்க்கிற மனிதரிடம், என் உலகத்தில் கடல் வேறு மாதிரி என்று சொன்னேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அன்றைக்குக் கதையில் ஒரு முச்சந்தி. கடல் வழி, மலை வழி, சுரங்க வழி. மூவரும் அரை மணி நேரம் சண்டை போட்டு மலை வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினேன். நோட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போனதுதான் நான் செய்த காரியம்.

திரும்பி வந்தபோது நோட்டு என் மனைவி கையில் இருந்தது.

"கடல் வழி, பகுதி பதினாலு. மலை வழி, பகுதி பதினாலு. சுரங்கம், அதுவும் பதினாலு. பின்ன எதுக்காக்கும் எங்களைச் சண்டை போட விட்டிய?"

"அது கதையோட ஒரு கட்டமைப்பு" என்றேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

அவள் பக்கத்தைப் புரட்டி வாசித்தாள். "பகுதி பதினேழு. படகுக்காரி சாகிறாள். எல்லோரும் அழுவார்கள். அதுக்கப்புறம் டீ இடைவேளை."

ஆபீஸ் பெண் சிரிப்பை அடக்க பழம்பொரியை வாயில் திணித்துக்கொண்டாள். என் மனைவி சிரிக்கவில்லை.

"பொன்முடிக்கும் இப்பிடித்தானே கூட்டிட்டுப் போனிய. எங்க போலாம்ண்ணு ஒரு வாரம் எங்கிட்ட கேட்டிய. நானும் யோசிச்சு யோசிச்சுச் சொன்னேன். ரூம் அதுக்கு முன்னாலயே போட்டாச்சு. இனி நான் வரமாட்டேன், கேட்டியளா."

அவள் அறைக்குள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை. இருவரை வைத்து ஆடினேன். படகு இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. பகடை உருளும் சத்தம் மட்டும் கேட்டது. உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மூன்று மணி நேரமும் போய்விட்டால், வாசலில் சாவி மாற்றிக்கொள்ளும் இரண்டு பேராக ஆகிவிடுவோம்.

மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, 'கதை சொல்லும் உரிமையைப் பகிர்ந்துகொள்ளும் விதிகள்' என்று நான்கு பக்கம் தயாரித்தேன். யார் எப்போது எவ்வளவு நேரம் சொல்லலாம் என்று அட்டவணையும் போட்டேன். கடைசி விதி: இறுதி முடிவு மாஸ்டருடையது. கீழ்வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு, "இது உரிமையல்ல சேட்டா, லீவு அப்ளிகேஷன்" என்று திருப்பிக் கொடுத்தார்.

தாளைக் கிழித்தேன். அன்று அவள் வேலை முடிந்து வந்ததும், "நான் செஞ்சது தப்பு. கதையை நீயே சொல்லு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு நிபந்தனை சொன்னாள். மேசை நடுவில் ஒரு எவர்சில்வர் தம்ளர் இருக்கும். அதை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்தான் கதை சொல்ல வேண்டும். போதும் என்று தோன்றும்போது அடுத்தவரிடம் நீட்டலாம். நோட்டு அலமாரிக்குப் போய்விட வேண்டும்.

ஞாயிறன்று தம்ளரை முதலில் அவள் எடுத்தாள். எனக்குப் பாத்திரம், என் பதினான்காம் பகுதியில் கதவைத் திறந்துவிட்டு அப்புறம் வரவே வராத கலங்கரை விளக்கக் காவலாளி. பெயர்கூட வைக்காமல் விட்டிருந்தேன். மூன்று முறை குறுக்கே பேசினேன். மூன்று முறையும் தம்ளரை என் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"வெளிய நல்ல மழை. யாரோ கதவைத் தட்டுதாவ. நீங்க என்ன செய்யிய?"

இரண்டு வருடமாக நான் கேட்ட கேள்வி. என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"கதவைத் திறக்கேன். வெளிய படகுக்காரி நிக்கா. அவ அழுதுட்டே..."

"அவ என்ன செய்வாண்ணு நான் சொல்லிக்கிடுவேன். நீங்க உங்க காரியத்தை மட்டும் சொல்லுங்க."

"திறக்கேன்" என்றேன்.

அவள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தாள். வெளியே யார் நிற்கிறார்கள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாமல் இப்படி அவள் முகத்தைப் பார்த்துக் கடைசியாக எப்போது காத்திருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.