தேருக்காகத் தூக்கிய கம்பி

மலாயாவில், காஜா பேராங்கில் எங்கள் தெருவில் கரண்டுக் கம்பி தாழ்வாகத்தான் போகும். மற்ற நாளில் யாரும் அதை அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியின் மாரியம்மன் தேர் வரும் நாளில்தான் வம்பு. தேரின் கலசம் கம்பியில் இடிக்கும். கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருந்த என் வீட்டுக்காரர், காய்ந்த மூங்கிலின் கவை நுனியால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார். தேர் அதற்கடியில் நுழைந்து போகும். அதுவரைக்கும் ஆபீஸில் கரண்டை நிறுத்தி வைப்பார்கள்.

கம்பியை மண்ணுக்கடியில் பதித்துவிடுங்கள் என்று அவர் ஆபீஸ் துரையிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். தோண்டினால் ரொம்பச் செலவாம், வருஷத்தில் ஒரு நாள் கூத்துக்கு மூங்கில் போதுமாம். ஏன் போதாது? பிடிக்கிறவர் துரையா என்ன?

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் தேர் தாமதமாக வந்தது. வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு, யாரை வேண்டாமென்பது? எங்கள் வாசலுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மூங்கில் தொப்பலாக நனைந்துவிட்டது.

"அத கீழ போடுங்க, மழை விடட்டும்!" என்று கத்தினேன்.

"சாமிய நடுத்தெருவுல நிக்க வைக்கக் கூடாது புள்ள," என்றார்.

சொன்ன நேரம் முடிந்ததென்று ஆபீஸில் கரண்டை விட்டுவிட்டார்கள். தேர் இன்னும் தெருவில் நிற்பது அங்கே யாருக்கும் தெரியாது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கருமாதி முடிந்தும் வரவில்லை. தமிழே வராத பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் மலாயில் ஏதேதோ சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஆபீஸ் ஆட்கள் வந்து தோண்டினார்கள். செம்மண் எங்கள் வாசல் வரை குவிந்தது. கறுப்புக் கேபிளைப் பள்ளத்தில் இறக்கி, மேலே செங்கல் அடுக்கி மூடினார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். நன்றாகத்தான் வேலை செய்தார்கள். எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

மறுவருஷம் தேருக்கு முதல் நாள் காலையில் கொழுந்தன் வந்தார். அவருக்கும் அதே ஆபீஸில்தான் வேலை.

"அண்ணி, அண்ணனோட மூங்கில் இருக்கா?"

"கம்பியத்தான் பொதச்சிட்டாங்களே?"

"தெரு முனை வரைக்கும்தான் அண்ணி. அந்தப் பக்கம் பழைய கம்பிதான். இந்த வருஷம் நான் பிடிக்கணும்."

மூங்கில் கொல்லையில் சாய்த்து வைத்தபடி இருந்தது. அன்று முழுக்க வெயிலில் போட்டுப் புரட்டிப் புரட்டிக் காய வைத்தேன். மறுநாள் அவர் வந்தபோது முந்தானையால் இன்னொரு தடவை துடைத்துக் கையில் கொடுத்தேன்.

"மழை வந்தா கீழ போட்டுட்டு வந்துருங்க தம்பி. சாமி நிக்கட்டும்."