எலும்புத் தேய்மானம் என்று சொன்னார்

1. கேட்கிற வாய்

ஹூஸ்டனில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் கோஆர்டினேட்டராக இருந்தேன். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளியிடம் ஆராய்ச்சியைப் பற்றி விளக்குவது, கையெழுத்து வாங்குவது, எடுத்த சாம்பிள் சரியான ஃப்ரீசருக்குப் போய்ச் சேர்கிறதா என்று பின்னாலேயே ஓடுவது, இவ்வளவுதான் வேலை. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் தெரு ஆன்ட்டிகளுக்கு இதைப் புரியவைக்க முடியாமல் கடைசியில் "ஹாஸ்பிடல்ல வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். உடனே முழங்காலை நீட்டிக் காட்டுவார்கள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எங்கள் ஸ்டடி பழங்கதையாகத் தெரியும். அன்றைக்கு அது புதுசு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, மாத்திரையும் முடிந்து, சில வருடம் கழித்து நோய் எலும்பிலோ ஈரலிலோ தலைகாட்டும். அப்போதெல்லாம் முதல் கட்டியின் ரிப்போர்ட்டை வைத்தே மருந்து எழுதிவிடுவார்கள். திரும்பி வந்தது பழைய குணத்தோடு வந்திருக்கிறதா, மாறி வந்திருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதுதான் எங்கள் ஸ்டடி. பார்ப்பதற்குப் புது இடத்தில் ஊசி விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும். அதாவது, நோய் திரும்பிவிட்டது என்று கேட்டு நிற்கிற பெண்ணிடம் போய், "இன்னொரு பயாப்சி செய்துகொள்கிறீர்களா? உங்களுக்கு இதனால் பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று கேட்க வேண்டும். கேட்கிற வாய் என்னுடையது.

பாதிப் பேர் மாட்டேன் என்பார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை. ஆனால் ஆள் சேரவில்லை என்றால் ஸ்டடியை மூடிவிடுவார்கள். எங்கள் தலைமை டாக்டர் ஹெலன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மேஜைப் பக்கம் வந்து, "இந்த வாரம் எத்தனை பேர், ஜமீலா?" என்று கேட்டுவிட்டுப் போவார். குரலில் கோபம் இருக்காது. அதுதான் இன்னும் கஷ்டம்.

2. அந்த அறை

சுமதி எங்கள் கிளினிக்குக்கு வந்தது 2006 வாக்கில். ஆபரேஷன் ஆகி ஐந்து வருடம் தாண்டியிருந்தது. ஐந்து வருடம் தாண்டினால் தப்பித்தோம் என்று எல்லோரும் நம்புவதுபோல சுமதி வீட்டாரும் நம்பி, பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் அர்ச்சனை செய்து, வீட்டில் ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். சிலவகைக் கட்டி ஐந்து வருடத்துக்குப் பிறகும் சாவகாசமாக வரும். அதற்கு நம் கணக்கு தெரியாது.

கணவர் கணேசன் எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர். சென்னைக்காரர். சுமதி வீட்டிலேயே, வேலைக்குப் போகிறவர்களின் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் நடத்திக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் பேசுவார், ஆனால் டாக்டர்கள் பேசுகிற வேகமும் சொற்களும் பிடிபடாது. அதனால் முதல் ஆபரேஷன் சமயத்திலேயே, கணவரே மொழிபெயர்ப்பார், வேறு ஆள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அது சௌகரியமாகத்தான் தெரிந்திருக்கும்.

டாக்டர் ஹெலன் ஸ்கேன் முடிவைச் சொன்னபோது நான் மூலையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களையும் சொல்வார்கள். ரெக்கரன்ஸ் என்றார். மெடாஸ்டேடிக் டிசீஸ் என்றார். இடுப்பு எலும்பில் லீஷன், ஈரலில் ஒரு ஸ்பாட் என்றார். இடுப்பு எலும்பு எளிதில் முறியக்கூடும், கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

கணேசன் மனைவி பக்கம் திரும்பிச் சொன்னது இது: "எலும்பு தேய்மானமாம். வயசானா வர்றதுதான். லிவர்ல கொஞ்சம் கொழுப்பு இருக்காம், ஊர்ல எல்லாருக்கும் இருக்கறதுதான். ஒரு ஊசி டெஸ்ட் பண்ணி பாக்கறாங்களாம்."

சுமதி நிம்மதியாகச் சிரித்தார். டாக்டரும் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். அறையை விட்டுப் போகும்போது என்னிடம் மெதுவாக, "எவ்வளவு தைரியமான பெண்" என்றார்.

கணேசன் என் எதிரிலேயே அப்படிப் பேசியதற்குக் காரணம் என் தலை முக்காடு. முக்காடு போட்டவள் பாகிஸ்தானோ ஹைதராபாதோ, தமிழ் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டார். நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி. அந்தக் கிளினிக்கில் என்னைப் பார்த்து உருதில் பேசியவர்கள் நிறையப் பேர். தமிழில் ரகசியம் பேசியவர் இவர் ஒருவர்தான்.

கன்சென்ட் ஃபாரத்தை மேஜையில் வைத்தேன். கணேசன் வேகமாகப் பக்கங்களைத் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். இந்த ஆராய்ச்சியைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நோயின் குணம் மாறியிருந்தால் புது மருந்து வேலை செய்யலாம் என்று இன்டர்நெட்டில் படித்திருக்கிறார். அந்த ஒரு நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். "இங்க கையெழுத்து போடும்மா" என்றார்.

சுமதி பேனாவை எடுத்துக்கொண்டே அவரிடம் கேட்டார்: "தேய்மானம்தானே, அப்ப பசங்கள தூக்கலாம் இல்ல? அந்த ரெட்டைக் குழந்தைங்க ரெண்டும் இடுப்ப விட்டு எறங்கவே மாட்டேங்குது."

"பாத்து தூக்கு" என்றார் கணேசன்.

நான் ஃபாரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒரு விஷயம் சரிபார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கணேசனை மட்டும் வெளியே கூப்பிட்டேன்.

3. காரிடார்

கதவைச் சாத்திவிட்டு, "சார், நான் தமிழ்தான்" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு கெஞ்ச ஆரம்பித்தார். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள், ஆகஸ்டில் ஆஸ்டினுக்குக் காலேஜ் போகிறாள், அதுவரைக்கும் போதும் என்றார். முதல் தடவை நோய் என்று கேட்டபோதே சுமதி மூன்று நாள் சாப்பிடவில்லை என்றார். "அவ தாங்க மாட்டா சிஸ்டர். எல்லா மருந்தும் நான் குடுத்துடறேன். டெஸ்டும் எடுத்துக்கட்டும். பேர மட்டும் சொல்ல வேணாம்."

இப்போது யோசித்தாலும் அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் வீடுகளில் இது நடக்காத வீடு எது? என் வாப்பாவுக்கு அல்சர் என்று சொல்லித்தான் நாங்களும் கடைசி வரை பார்த்துக்கொண்டோம். ஆனால் வாப்பா யாருக்கும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. இரட்டைக் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியவும் இல்லை.

"சார், அவங்க இடுப்பு ஒடிஞ்சா அன்னைக்கு என்ன சொல்வீங்க? தெரியாம அவங்க போடற கையெழுத்த நான் வாங்க முடியாது. இப்ப டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். அதுக்கு முன்னாடி நீங்களே உள்ள போய்ச் சொல்றதா இருந்தா சொல்லுங்க" என்றேன்.

சொல்கிறேன் என்று திரும்பினார். கதவுப் பிடியில் கையை வைத்தார். கை அப்படியே இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர், ரிஃபைனரியில் நூறு பேரை வேலை வாங்குகிறவர், ஒரு கதவைத் திறக்க முடியாமல் நின்றார். "என்னால முடியல. நீங்க சொல்லுங்க" என்றார்.

அது என் வேலை இல்லை. டாக்டர் ஹெலனைப் போய்க் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது. கணேசன் மேல் இல்லை, தன் மேலேயே கோபம் என்று பிறகு தெரிந்தது. மருத்துவமனையின் டெலிஃபோன் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொன்னார். தமிழ் தெரிந்தாலும் டாக்டர் சொல்கிற நோய்ச் செய்தியை மொழிபெயர்க்க எனக்கு அனுமதி இல்லை.

4. புற்றுநோய்

மேஜை நடுவில் ஸ்பீக்கர் ஃபோனை வைத்தோம். எங்கிருந்தோ ஒரு பெண் குரல் வந்தது. இலங்கைத் தமிழ், வயதான குரல். டாக்டர் ஹெலன் இந்த முறை கேன்சர் என்றே சொன்னார். அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது: "அம்மா, டாக்குத்தர் சொல்லுறா, உங்கட புற்றுநோய் திரும்ப வந்திருக்கு. எலும்பிலயும் ஈரலிலயும் இருக்கு. இதை முற்றாகக் குணப்படுத்தேலாது, ஆனால் கட்டுப்படுத்த மருந்து இருக்கு."

சுமதி அழவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். கணேசன் அவர் தோளைத் தொட்டார். அதை அவர் தள்ளவும் இல்லை, கவனிக்கவும் இல்லை.

பிறகு சுமதி மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் முன்னாடி இதே ரூம்லதான என்னைப் பத்திப் பேசினாங்க. நான் பல்லக் காட்டிட்டு உக்காந்திருந்தேன்."

மொழிபெயர்க்கட்டுமா என்று ஃபோன் குரல் கேட்டது. சுமதி வேண்டாம் என்றார்.

அன்று கையெழுத்து வாங்கவில்லை. ஃபாரத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். வாரக் கடைசியில் சுமதியே எனக்கு ஃபோன் பண்ணினார். டேகேர் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம், மாதக் கடைசியோடு மூடுகிறாராம். ரெட்டைக் குழந்தைகளுக்கு மட்டும் நல்ல இடம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு, இந்த ஊசியால் தனக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டார். இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது, வலிக்கும், ரத்தக்கசிவும் வரலாம் என்றேன். ஃபாரத்தில் உள்ளதைத் தமிழில் வரிவரியாகச் சொன்னேன்.

"இருக்காதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க பாருங்க, அதுக்காகவே கையெழுத்து போடறேன்" என்றார்.

பயாப்சி ரிசல்ட் வந்தது. குணம் மாறவில்லை. பழைய கட்டி எப்படியோ அப்படியே. கணேசன் நம்பிய புது மருந்து சுமதிக்குப் பொருந்தாது. எங்கள் ஸ்டடிக்கு அதுவும் ஒரு பதில்தான், மாறாதவர்களும் எண்ணிக்கையில் வேண்டும். அன்று அந்தப் பதிலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

மாத்திரையும் எலும்புக்கான ஊசியுமாக அவர் நன்றாகவே இருந்தார். பெண் ஆஸ்டின் போனபோது இவரே காரில் கூடப் போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார். அவளுக்கு எல்லாம் தெரிந்தேதான் போனாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தலையாட்டுகிறவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். விஷயம் யாருடைய உடம்போ அவர் காதுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவர் இஷ்டம்.

இதில் கடைசிப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது அதற்கடுத்த வருடம். ஈரலில் இருந்த ஸ்பாட் பெரிதாகிவிட்டது என்று ஸ்கேன் சொன்ன நாள். சுமதி தனியாகத்தான் உள்ளே வந்தார், ஃபோன் மொழிபெயர்ப்போடு எல்லாக் கேள்விகளையும் கேட்டார், கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கணேசன் வெயிட்டிங் ரூமில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து மனைவியைப் பார்த்தார், அப்புறம் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"மருந்து மாத்தறாங்க" என்றார் சுமதி. "மீதிய நான் சொல்றேன். மொதல்ல கார எடுத்துட்டு வாங்க."