ஒரு நாள்கூடப் படுக்காத வண்டி

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை 'லிஃப்ட்' என்றே கூப்பிடுவார்கள். உறவுமுறை விட்டுப் போகக் கூடாதே என்று நான் மட்டும் அத்தான் என்பேன். ஊரிலேயே உயரமான கட்டடத்தின் உச்சிக்குத் தினமும் போய் வந்த மனுஷன். ஆனால் ஒரு நாளும் அங்கிருந்து ஊரைப் பார்த்ததில்லை. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் ஜன்னல் ஏது? நாலு பக்கமும் சுவர், மேலே கயிறு, கீழே இருட்டு, கையில் கிரீஸ். எவ்வளவு உயரம் போனாலும் கிணற்றுத் தவளைதான்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற வாரமே சாப்பாட்டு மேஜையில் ஒரு குண்டைப் போட்டார்.

"இவ்வளவு காலம் மேலேயும் கீழேயும் போயாச்சு. இனிமே நேரா போகப் போறேன். வீட்டு வண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

வீட்டு வண்டி என்றால் மோட்டார்ஹோம். உள்ளேயே அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் இருக்கும். நத்தை மாதிரி வீட்டைத் தூக்கிக்கொண்டு திரியலாம்.

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தாராளமா போங்க. யாரு பிடிச்சு வெச்சிருக்கா? போறப்ப அந்தக் குப்பைப் பையை எடுத்துட்டுப் போங்க."

அத்தான் குப்பைப் பையோடு படியிறங்கினார். கூடவே நானும்.

"லிஃப்ட் இருக்கே அத்தான்?"

"அதோட வண்டவாளம் எனக்குத் தெரியும். நீ நட."

கீழே வந்ததும் பையைத் தொட்டியில் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார். "மச்சான், அவ வரலைன்னா எனக்கு எதுக்குடா வண்டி? ஒரு சைக்கிள் போதும். எப்படியாவது அவளைக் கிளப்பணும்."

"செத்த லாரியைக் கிளப்பச் சொல்லுங்க, கிளப்புறேன்" என்றேன். நான் பட்டறைக்காரன். தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

அக்காவைக் கிளப்புவது ஏன் கஷ்டம் என்றால், அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். மனுஷன் படுத்து எழுந்த இடத்தில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் சொந்த விரிப்பு, சொந்தத் தலையணை. ஹோட்டல் அறை என்றால் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குவாள். அத்தானிடம் இருந்த காசுக்கோ பழைய வண்டிதான் கிடைக்கும். பழைய வண்டி என்றால் பழைய மெத்தை.

அத்தான் அசரவில்லை. அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் சாக்பீஸால் முழு அளவுக்கு வண்டி வரைந்தார். ஒவ்வொரு வகையையும் வரைந்து அக்காவைக் கூட்டிவந்து நடுவில் நிற்க வைப்பார். முதலில் பஸ் அளவுக்குப் பெரியது. பின்னால் தனிப் படுக்கையறை.

"நம்ம தெருவுல இது திரும்புமா?" என்றாள் அக்கா.

திரும்பாது. அழித்தார். அடுத்தது, டிரைவர் தலைக்கு மேலே படுக்கை உள்ளது, நெற்றி புடைத்தாற்போல் இருக்குமே, அது.

"ஏணி வெச்சு ஏறணுமா? பரண்ல போட்டு வைக்க நான் என்ன பழைய பாத்திரமா?"

அதையும் அழித்தார். மூன்றாவது, பகலில் சாப்பாட்டு மேஜை, ராத்திரியில் அதையே மடக்கிக் கட்டில் ஆக்கிக்கொள்ளலாம்.

"பகல் பூரா ஆஸ்பத்திரித் துணி மடிக்கிறேன். ராத்திரி மேஜையை வேற மடிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அக்கா விறுவிறுவென்று நடந்தாள்.

அத்தான் அலறினார். "ஏய், கதவு அந்தப் பக்கம்! சுவத்தை இடிச்சுக்கிட்டுப் போறியே!"

"உங்க சுவத்தை மாப் போட்டாலே போயிரும்" என்றாள் அவள்.

கடைசியில் நேரில் பார்த்தால் மனசு மாறும் என்று பழைய வண்டி விற்கிற இடத்துக்கு என் காரில் மூவரும் போனோம். இன்ஜினைப் பார்க்க நான், ஜன்னலைப் பார்க்க அத்தான், மெத்தையைப் பார்க்க அக்கா. விற்கிறவர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார். நடுத்தர அளவில் ஒரு வெள்ளை வண்டி. பின்னால் நிரந்தரக் கட்டில், மடக்க வேண்டியதில்லை. ஜன்னல்களைப் பார்த்ததும் அத்தான் முகம் பல்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது. அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றாள்.

விற்கிறவர் அவளிடம் போய்ப் பெருமையாகச் சொன்னார். "அம்மா, வாங்கின நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள்கூடப் படுத்ததில்லைம்மா."

அக்காவின் கைக்கட்டு அவிழ்ந்தது. "நிஜமாவா?"

"சத்தியமா. முன்னாடி வெச்சிருந்தவங்களையே கேட்டுப் பாருங்க."

"குடும்பமாத்தானே போயிருப்பாங்க? அப்பகூடவா?"

"முழு லோடோட மலையேறியிருக்காங்கம்மா. அப்பவும் படுத்ததில்லை."

"ராத்திரியில?"

"ராத்திரி நடுக்காட்டுல படுத்துட்டா ஆபத்தாச்சே! உதவிக்கு யாரு வருவா?"

"அதுவும் சரிதான். திருட்டுப் பயம் வேற" என்று அக்கா தலையாட்டினாள். "பாவம், கண்ணு முழிச்சே ஓட்டியிருக்காங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வண்டியைச் சொல்கிறார். இவள் ஆட்களைக் கேட்கிறாள். பட்டறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. வண்டி நின்றுபோனால் 'படுத்துருச்சு' என்போம். வாயைத் திறக்கப் போனேன். அத்தான் என் காலை ஓங்கி மிதித்தார். மனுஷனுக்கும் விளங்கிவிட்டது. "வாயை மூடிக்கிட்டு இன்ஜினைப் பாருடா" என்று பல்லுக்குள் முணுமுணுத்தார்.

அக்கா படியேறி உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுப்பைத் திருகினாள். குழாயைத் தொட்டாள். "இங்க என் பூச்செட்டி வெச்சா விழுமா?" என்றுகூடக் கேட்டாள். அத்தானுக்குக் கண் கலங்காத குறை. இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஆள் சும்மா இருந்திருந்தால் பேரம் முடிந்திருக்கும். வியாபாரியாச்சே, சும்மா இருப்பானா?

"இதை விட்டுட்டுச் சிலபேரு விலை கம்மின்னு அதோ மூலையில நிக்குதே, அதைக் கேப்பாங்கம்மா. அது வாரத்துக்கு ஒரு தடவை கண்டிப்பாப் படுக்கும். பின்னாலேர்ந்து நாலு பேர் தள்ளினா எழுந்துக்கும்."

அக்கா மூலையில் நின்ற வண்டியைப் பார்த்தாள். பிறகு விற்கிறவரை. பிறகு என்னை. நான் இன்ஜின் ஆயில் குச்சியை உருவி ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

அவள் வெள்ளை வண்டிக்குள் திரும்ப ஏறினாள். உள்ளே போய் மெத்தையை ஒரு கையால் தூக்கினாள். அடியில் கிடந்ததை வெளியே கொண்டுவந்து அத்தான் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு ஹேர்பின், நசுங்கின பிஸ்கட், குழந்தையின் ஒத்தைச் சாக்ஸ்.

"ஒருத்தரும் படுத்ததில்லையாம். இந்த சாக்ஸ் யாரோடது? வண்டி கழட்டிப் போட்டதா?"

நேராகப் போய் என் காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

அத்தான் சாக்ஸும் கையுமாக நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பிறகு அவர் மெல்ல நடந்து போய்க் கார்க் கண்ணாடி ஓரம் குனிந்தார். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் கருவியை எடுக்கக் கூடாது, குரலைத்தான் கொடுக்க வேண்டும் என்பார். அந்தக் குரலைக் கொடுத்தார்.

"உள்ளே இருக்கிறவங்க பதற வேண்டாம். காத்து இருக்கு. ஆள் வந்தாச்சு."

"நான் ஒண்ணும் மாட்டிக்கலை. நானாத்தான் பூட்டிக்கிட்டேன்."

"அப்படிப் பூட்டிக்கிட்டவங்களையும் எடுத்திருக்கேன்மா."

கண்ணாடி விரலளவு இறங்கியது. "ஏமாத்தலாம்னு பாத்தீங்க."

"ஆமா."

"அந்தத் தடியனும் கூட்டு."

"அவன் வாயைத் திறக்கத்தான் வந்தான். நான்தான் காலை மிதிச்சேன்."

"சாக்பீஸைத் தூக்கிட்டு அலைஞ்சீங்களே, உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இப்பக் கேக்குறேன். சொல்லு."

கண்ணாடி முழுசாக இறங்கியது. "புது மெத்தை. மடக்காத கட்டில். உங்க குறட்டைக்கும் எனக்கும் நடுவுல ஒரு கதவு. அவ்வளவுதான்."

"எனக்கு ஜன்னல் இருந்தாப் போதும். ஆனா இப்படியெல்லாம் பாத்துப் பாத்து எவன் செஞ்சு வெச்சிருப்பான்?"

"கை வேலை தெரிஞ்ச ஆளைக் கட்டிக்கிட்டேன்னுதானே நெனைச்சுட்டிருக்கேன்" என்றாள் அக்கா. அப்படியே வேலியோரம் நின்ற ஒரு பழைய சரக்கு வேனைக் காட்டினாள். "அதுல என்ன ஏத்தினாங்க?"

விற்கிறவர் ஓடி வந்தார். "ரொட்டிம்மா. ரொட்டிக் கம்பெனி வண்டி. உள்ளே ஒண்ணுமே கிடையாது, வெறும் தகரம்."

"ரொட்டி படுத்திருந்தாப் பரவாயில்லை" என்றாள்.

நான் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தேன். வண்டியின் முதுகெலும்பான சேசிஸும் நன்றாகத்தான் இருந்தது. அதையே எடுத்தோம்.

அதற்கப்புறம் அத்தானைக் கையில் பிடிக்க முடியவில்லை. சாக்பீஸ் வண்டி வரைந்த அதே இடத்தில் நிஜ வேனை நிறுத்தி அறுக்கிறார், துளைக்கிறார், தட்டுகிறார். ஜன்னல் வெட்டினார், இன்னொன்று வெட்டினார், இன்னும் ஒன்று. "அத்தான், நிறுத்துங்க. இதுக்கு மேல வெட்டினா கூரை காத்துலதான் நிக்கணும்" என்று நான் ரம்பத்தைப் பிடுங்கி வைக்க வேண்டியதாயிற்று. இடிக்கிற கட்டடம் ஒன்றிலிருந்து பழைய லிஃப்டின் இழுப்புக் கதவைக் கொண்டுவந்து நடுவில் மாட்டினார். ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். கக்கூஸுக்கு மட்டும் ஜன்னல் வைக்கக் கூடாது என்று அக்கா தடை போட்டாள். மனுஷன் அதற்கும் மேலே ஒரு சின்னக் கண்ணாடி வைத்துவிட்டார். வானம் தெரியுமாம்.

புறப்படுகிற அன்று அக்கா ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டுத் தன் தலையணையோடு வந்து கட்டிலை அமுக்கிப் பார்த்தாள். திருப்தி. முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பின்னே, ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு பலகை மாட்டியிருந்தது. மேலே பழைய போர்வை.

"இது என்னது?"

"நான் படுக்கிறதுக்கு" என்றார் அத்தான்.

"அப்ப ராத்திரி அத்துவானக் காட்டுல நான் மட்டும் பின்னாடி தனியாக் கிடக்கணுமா?"

"நீதானே கதவு கேட்டே?"

"கதவு கேட்டேன். சாத்தச் சொன்னேனா?"

அத்தான் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பட்டறையில் இப்போது ஸ்பேனர் வைக்க உதவுகிறது.

போன வாரம் போன் வந்தது. "மச்சான், பல்லு தேய்க்கிறேன்டா. ஜன்னல்ல ஒரு ஏரி முழுசாத் தெரியுது. எதிர் ஜன்னல்ல மலை. எந்தப் பக்கம் துப்புறதுன்னே தெரியலை."

பின்னால் அக்காவின் குரல். "அவன்கிட்ட இதையும் சொல்லுங்க. தகரத்துலேர்ந்து ரொட்டி வாசனை போகவே மாட்டேங்குது. ஏரிக்கரை நாய் பூரா வண்டியைச் சுத்தி உட்காந்திருக்கு. வாசல்ல இறங்க முடியலை."

"பிஸ்கட் போட்டியா?" என்று அத்தான் அவளைக் கேட்பது கேட்டது.

"போட்டேன். அதான் இப்ப இன்னும் ரெண்டு வந்திருக்கு."