அப்பா பெயர் ஷம்சுல் ஆலம்

மாமனார் மௌத்தாகி எட்டு மாதம் ஆகிறது. அவரால் வந்த அலைச்சல் பௌசியாவுக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு இந்த வாரத்தில் மட்டும் மூன்றாவது தடவையாக பஸ் ஏறியிருந்தாள். பக்கத்தில் மகள் பிர்தௌஸ், எனக்கென்ன என்று போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். இன்று புதன்கிழமை.

எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால் வந்த வினை. பிர்தௌஸின் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டில் தகப்பனார் பெயர் ஷம்சுல் ஆலம் என்றிருக்கிறது. ஷம்சுல் ஆலம் அவளுக்குத் தகப்பனாரைப் பெற்றவர். பெற்ற தகப்பன் அசாருதீன் குத்துக்கல்லாட்டம் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். பிறப்புச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் அவன் பெயர்தான். இரண்டும் இரண்டு விதமாக இருந்தால் எப்படிச் சேர்ப்பது என்று கல்லூரியில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானே.

அவர்கள் வீட்டில் பெற்றவரை வாப்பா என்பார்கள். வாப்பாவைப் பெற்றவர்தான் அப்பா. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று டீச்சர், “அப்பா பேரு என்ன?” என்று கேட்க, பிள்ளை தன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நிமிர்ந்து பார்த்து, “ஷம்சுல் ஆலம்” என்று கணீரென்று சொல்லியிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை, கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னது. அந்தப் பெரிய மனுசருக்குப் புத்தி எங்கே போயிற்று? உச்சி குளிர்ந்துபோய்க் கையெழுத்தையும் போட்டுவிட்டு வந்துவிட்டார். சரி, அன்றைக்குத்தான் அப்படி. பத்தாம் வகுப்பில் பெயர் விவரமெல்லாம் சரிபார்க்கச் சொல்லித் தாள் கொடுத்தார்களே, அதிலும் அல்லவா போட்டிருக்கிறார்!

அவர் எப்போதுமே அப்படித்தான். முப்பது வருசம் வத்தல் யாவாரம் செய்தவர். நாகலாபுரம் பக்கத்துக் களங்களுக்கெல்லாம் மொபட்டில் போய் மிளகாய் வத்தலை விலை பேசி வாங்குவார். வீட்டுக்கு வந்தால் கையில் நல்லெண்ணெய் தேய்த்துக் கழுவி, குளித்து முடித்துத்தான் பேத்தியைத் தொடுவார். ஒருநாள் கழுவுவதற்குள் பிள்ளை தவழ்ந்து வந்து அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துவிட்டது. எரிச்சல் தாங்காமல் அழுதது. பச்சைப்பிள்ளை, சீனித்தண்ணீர் கொடுத்ததும் சிரித்துவிட்டது. இவர்தான் சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மறுநாள் காலையில், இனி வத்தலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நன்றாக நடந்த யாவாரத்தை யாராவது அப்படி விடுவார்களா? விட்டுவிட்டு, பிற்பாடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டுக்கடை போட்டு உட்கார்ந்துகொண்டார். பேத்தி கண்ணில் படுகிறாளா என்று பார்ப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை.

மருமகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. பௌசியாவுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வருவார். டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவரே பதில் சொல்லுவார். ராத்திரி ரெண்டு தோசைதான் தின்றாள், நேற்று முழுக்க வெந்நீர் குடிக்கவில்லை என்று வரிசையாக ஒப்பிப்பார். நோயாளி யார் என்று டாக்டர் ஒருமுறை கேட்டேவிட்டார். ஜவுளிக்கடை வேலையிலிருந்து அவள் வரும் பஸ் கால்மணி நேரம் பிந்தினால் டிப்போவுக்கே போன் போட்டுவிடுவார். மானம் போகும்.

ஊரார் வீட்டு வலியெல்லாம் கேட்கத் தெரிந்த மனுசருக்குத் தன் வலியைச் சொல்லத் தெரியவில்லை. போன நவம்பரில், மழை நேரத்தில், பிர்தௌஸ் மறந்துவிட்டுப் போன குடையைக் கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்தே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார் என்று பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார். நெஞ்சு வலிக்குதும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? பௌசியாவுக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

கோவில்பட்டி கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் அறை வாசலில் பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கும் விஜயராஜ் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் இப்போதைக்குச் சேர்த்துக்கொள்கிறோம், மார்க் சீட்டைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். பௌசியா அவசரத்தில் சொல்லச் சொல்ல அவர் அடித்து எடுத்துத் தந்தார். பிர்தௌஸ் வாசித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஷம்சுல் ஆலம் என் அப்பா இல்லன்னு போட்டிருக்கு. நான் எப்படி கையெழுத்துப் போடுவேன்?”

பௌசியா மகள் பக்கம் திரும்பினாள். ஏட்டி, நாளை மறுநாள் சீட்டு போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். விஜயராஜ் நல்ல மனுசர். ‘தந்தை அல்லர்’ என்று மாற்றிவிடுகிறேன் என்றார். தந்தை என்றால் வாப்பாதானே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பிர்தௌஸ் சரி என்றாள். தவறு எப்படி நேர்ந்தது என்று ஒரு வரி வேண்டுமே என்றார் விஜயராஜ்.

“எங்க மாமனாரோட கவனக்குறைவுன்னு போடுங்க, அண்ணாச்சி.”

“கவனக்குறைவு இல்ல உம்மா,” என்றாள் பிர்தௌஸ். “அப்பாவுக்குத் தெரியும். பத்தாப்புல டீச்சர் கண்டுபிடிச்சு, மாத்திருவோமான்னு கேட்டாவ. அப்பாதான் வேண்டான்னுட்டாவ. வாப்பா பேரு இருந்தா, மீட்டிங்குக்கு வாப்பாவைக் கூட்டிட்டு வான்னு பிள்ளையைத்தான் வெளிய நிப்பாட்டுவிய. அவன் எங்க வரப்போறான், எம்பேரே கெடக்கட்டும்னு சொன்னாவ.”

பதினேழு வருசத்தில் அசாருதீன் ஊருக்கு வந்தது மூன்று தடவை. மூன்றும் பெருநாள் லீவில். பள்ளிக்கூட வாசலை அவன் பார்த்ததில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பௌசியா மகளைக் கேட்டாள்.

“சொன்னா நீங்க வாப்பாகூட போன்ல சண்டைக்கு நிப்பியளாம். உங்க உம்மா நிம்மதியா வேலைக்குப் போய்ட்டு வரட்டும், சொல்லாதேன்னு அப்பா சொன்னாவ.”

இத்தனை நாளாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அந்த மனுசரை ஏசியது எத்தனை தடவை! ஏசும்போதெல்லாம் இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அப்பாவுக்கு ஏற்ற பேத்திதான். பௌசியா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அப்போ என்னம்மா போட, கவனக்குறைவை எடுத்துவிடவா என்று விஜயராஜ் கேட்டார்.

“எடுக்க வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் பௌசியா. “பெத்த தகப்பனோட கவனக்குறைவுன்னு போடுங்க.”