ஆட்டுக்கொட்டிலில் எடுத்த படம்

இறுப்பிட்டி றஞ்சனியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர் முதலில் சொல்வது, "அவள் வாய்க்காரி" என்பதுதான். குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற சனத்துக்கு இடியப்பமும் சம்பலும் விற்கிறவள். சம்பலில் உப்புக் குறைவு என்று யாராவது முகம் சுளித்தால், "அப்ப கடலுக்குள்ள தோய்ச்சுத் தின்னும்" என்பாள். அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் திரும்பி வரும்போது அவளிடம்தான் சாப்பிடுவார்கள். இடியப்பம் அப்படி.

அவள் வாயோடு பிறந்தவள் அல்ல. போரில் இடம்பெயர்ந்து அலைந்து ஊர் திரும்பியபோது அவளுடைய கல்வீட்டுக்குச் சுவர் மட்டும்தான் மிச்சம். கதவையும் யன்னலையும் கூரை மரத்தையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவளும் கணவன் ஜெயரூபனும் அரும்பாடுபட்டு அதை மறுபடி வீடாக்கினார்கள். வீடு முடிந்த கையோடு ஜெயரூபன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். மகள் லோஜனாவை வளர்த்தது இடியப்ப உரல்தான். அந்த வீட்டைப் பற்றி யாராவது குறைவாக ஒரு சொல் சொன்னால் றஞ்சனிக்குக் கண் சிவந்துவிடும்.

ஆனால் ஓடு பழுதாகி, மழைக்கு ஒழுகத் தொடங்கியது. அந்த ஒழுக்கு வழியாகத்தான் பரராசசிங்கம் உள்ளே வந்தார்.

அவர் றஞ்சனியின் பெரியம்மா மகன். கனடாவில் இருக்கிறார். அங்குள்ள ஊர் ஒன்றியத்துக்குத் தலைவர். வருடாவருடம் வந்து யாருக்காவது உதவி செய்வார், படம் எடுப்பார். உதவிக்கு முந்திய படத்துக்குக் கீழே 'அன்று', பிந்திய படத்துக்குக் கீழே 'இன்று' என்று எழுதிப் பெரிய பதாகையாகக் கட்டுவார். உதவி சின்னதாக இருந்தாலும் பதாகை ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை.

"ஓடு மாத்தித் தந்தாக் காணும் அண்ணை" என்றாள் றஞ்சனி.

"ஓடு மாத்தினா படத்தில என்ன தெரியப்போகுது? கொன்ட்ராஸ்ட் வேணும் றஞ்சனி. பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில குத்த வேணும். அப்பதான் அங்க இருக்கிற சனம் அள்ளித் தரும். உனக்கு ஒரு புது வீடே கட்டுவம்."

சேலைக்குக் கரை வேறு நிறத்தில் எடுப்பாக இருக்க வேண்டும் என்பது றஞ்சனிக்கும் தெரியும். ஆனால் சேலையில் கரைக்கு வலிப்பதில்லை. இது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது லோஜனாவுக்கு நெடுந்தீவில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். சீதனமாகக் கொடுக்க ஒரு வீடு தானாக வருகிறபோது எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

படம் எடுக்க வருகிறார்கள் என்றதும் றஞ்சனி ஒரு பிழை விட்டாள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களே என்று சுவருக்கு வெள்ளை அடித்தாள், முற்றத்தைக் கூட்டித் தெளித்தாள், கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். விருந்தாளிக்குக் காட்ட அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். பரராசசிங்கம் வந்து பார்த்தார், முகம் கறுத்துவிட்டது.

"இதென்ன, கலியாண வீடு மாதிரி? இதைக் காட்டி ஆரிட்டக் கேக்கிறது?"

அங்கும் இங்கும் பார்த்தார். வளவின் பின்பக்கம் ஆட்டுக்கொட்டில் கண்ணில் பட்டது. ஆடுகளை அவிழ்த்து வெளியே கட்டச் சொன்னார். உள்ளே ஒரு சாக்கை விரித்து, கரிப்பிடித்த பானை ஒன்றை வைத்தார்.

"பழைய சேலை ஒண்டைக் கட்டிக்கொண்டு வந்து உதுக்குள்ள இரு. சும்மா ஒரு படத்துக்குத்தானே. சிரியாத!"

அவள் போய் இருந்தாள். மகளுக்காக இருந்தாள். ஆனாலும் ஏன் இருந்தேன் என்று பிறகு தன்னைத் தானே திட்டித் தீர்த்தாள்.

அதே வளவில் புது வீடு எழும்பியது. திறப்பு விழாவுக்கு முன்னதாகவே குறிகட்டுவானில், பஸ் நிற்கிற இடத்தில், அவளுடைய கடைக்கு நேரெதிரே பதாகை ஏறியது. 'இன்று' என்ற பக்கத்தில் புது வீடு. 'அன்று' என்ற பக்கத்தில் ஆட்டுப் பிழுக்கைக்கு நடுவே அவள். சனம் இடியப்பத்தைத் தின்றுகொண்டே படத்தைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நெடுந்தீவுப் படகிலிருந்து ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் சிவக்கொழுந்து இறங்கினாள். பதாகைக்குக் கீழே நின்று நன்றாகப் பார்த்தாள்.

"உதுக்குள்ளையோ இருந்தனீங்கள்? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள். "யோசிச்சுச் சொல்லுறம்."

அன்றைக்கே றஞ்சனி, திறப்புக்கென்று ஊருக்கு வந்து நின்ற பரராசசிங்கத்திடம் போனாள்.

"அதைக் கழட்டுங்கோ அண்ணை. என்ர பிள்ளையின்ர சம்பந்தம் குழம்பப்போகுது."

"திறப்பு முடியட்டும். அது உன்னைப் பற்றினதில்லையடி, ஒரு உதாரணம்."

"அப்ப உங்கட படத்தைப் போடுங்கோவன் உதாரணத்துக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவளுக்கு அவர்மேல் இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் சிவக்கொழுந்துக்குப் போன் எடுத்து, "திறப்புக்குக் கட்டாயம் வாங்கோ" என்று சொன்னாள்.

விழாவில் நாடா வெட்டினார்கள், மாலை போட்டார்கள், பரராசசிங்கத்தாரைக் கொடைவள்ளல் என்றார்கள். கடைசியில் நன்றி சொல்லும்படி மைக்கை றஞ்சனியிடம் கொடுத்தார்கள்.

"வீடு தந்ததுக்கு நன்றி. ஆனா அந்தப் படம் பொய். அது என்ர ஆட்டுக்கொட்டில். நான் இருந்த வீடு இந்தா, பக்கத்தில நிக்குது. நானும் என்ர மனுசனும் கட்டின கல்வீடு. வடிவாப் பாருங்கோ."

சனம் திரும்பிப் பார்த்தது. சிவக்கொழுந்து கதிரையை விட்டு எழும்பியே பார்த்தாள். றஞ்சனி நினைத்து வந்த காரியம் அதோடு முடிந்துவிட்டது. ஆனால் பரராசசிங்கம் அவசர அவசரமாக மைக்கை வாங்கி, "குறை நினையாதேங்கோ. கஷ்டப்பட்ட சனம், பாவம், பேசத் தெரியாது" என்றார்.

அந்தப் 'பாவம்' அவளைச் சுட்டது. மைக்கைப் பறித்தாள்.

"அன்று எண்டா என்னெண்டு நான் சொல்லட்டோ? அண்ணையின்ர வீட்டில அடுப்பு எரியாத நாளில, கோப்பையோட எங்கட குசினி வாசலில வந்து இருந்தது ஆர்? என்ர அம்மா எனக்கு வைச்ச சோத்தில பாதியை ஆருக்குப் போட்டவ? அதை ஆரும் படம் எடுக்கேல்லை. எடுத்திருந்தா நல்ல கொன்ட்ராஸ்டா இருந்திருக்கும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடித்தால்கூட மறக்கிற சனம் அது. போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டினால் மறக்காது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள். பரராசசிங்கம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பின்னேரம் அவரே குறிகட்டுவானுக்குப் போய், உதவிக்கு வந்தவர்களைக் கிட்டவும் விடாமல், பதாகையின் கயிற்றைக் கத்தியால் அறுத்து இறக்கினார். சிவக்கொழுந்து றஞ்சனியின் கையைப் பிடித்து, "கலியாணத்துக்கு நாள் பாப்பம், இனிப் பிந்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படகேறினாள்.

லோஜனா கிணற்றடியில், விழாவில் சாப்பாடு போட்ட கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தாயை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சம்பந்தம் சரி வந்திட்டுது. முகத்தை ஏன் நீட்டுறாய்?"

"வீட்டைக் காட்டினதோட நிப்பாட்டியிருக்கலாம் அம்மா. சோத்தை ஏன் சொல்லிக்காட்டினனீங்கள்? அம்மம்மா சாகும் வரைக்கும் அதை வெளியில சொல்லேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அவன் என்னை ஆட்டுப் பிழுக்கைக்குள்ள இருத்தி ஊருக்குக் காட்டினவன்."

"ஓம். நீங்கள் அந்தாளைக் கோப்பையோட குசினி வாசலில இருத்தி ஊருக்குக் காட்டிப்போட்டியள். அவர் கட்டினதை அவரே கழட்டிப்போட்டார். நீங்கள் கட்டினதை ஆர் கழட்டுறது?"

றஞ்சனி கழுவிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து அடுக்கினாள்.

"தொங்கட்டும்" என்றாள்.