பாதை கேட்டு வந்த சட்டத்தரணி

பிள்ளைகளே, வாவிக்கரையில் ஹோட்டல் கட்ட நம் வீட்டு வளவுக்குள்ளால் பாதை கேட்ட சட்டத்தரணியை ஏன் வெறுங்கையோடு அனுப்பினேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அவர் நம்ம ஊர்தான். வரம்புச் சண்டை வழக்குகளில் தொடங்கியவர். யுத்தம் முடிந்து சனம் திரும்பியபோது காணி வழக்குகள் குவிந்தன, அவரும் வளர்ந்தார். இடம்பெயர்ந்தவர்களின் காணியை வேறு யாரோ பத்து வருடத்துக்கு மேல் ஆண்டதாகக் காட்டி வெல்வார். பிறகு அதைத் தானே வாங்கி, துண்டு போட்டு விற்பார். உங்கள் அம்மாவின் சீதனத்தில் வாவியோரத் துண்டும் அப்படித்தான் போனது. ரோட்டோரம் வீடுள்ள துண்டு மட்டும் மிஞ்சியது.

அந்த வழக்கில் நான் சாட்சி. அங்கே நான் வைத்த தென்னைகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மறித்தார்.

“காணி ஆர்ட?”

“பொஞ்சாதிட சீதனம், ஐயா.”

“அப்ப நீ ஆரு? பொஞ்சாதிட வீட்டுல திண்டு கிடக்கிறவன்தானே?”

கோர்ட்டே சிரித்தது. நம் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். சிரித்த ஆம்பிளைகளும் பொஞ்சாதி வீட்டில் இருப்பவர்கள்தான். இருந்தும் சிரித்தார்கள். அது இன்னும் என் காதில் கிடக்கிறது.

இப்போது அந்தத் துண்டில் அவருக்கு ஹோட்டல் கட்ட வேண்டும். பஸ் போகிற அகலத்துக்குப் பாதை இருந்தால்தான் அனுமதி என்றது பிரதேச சபை. இருப்பது நம் வளவோரம் ஆள் நடக்கிற ஒடுக்கமான ஒழுங்கை மட்டும். அதை நான் ஒருநாளும் மறித்ததில்லை. மறித்தால் வழக்குப் போடுவார். அந்தச் சந்தோசத்தை அவருக்குக் கொடுப்பேனா?

வெற்றிலைத் தட்டோடு வந்தார். கோர்ட்டில் ‘நீ’ என்றவர், “மச்சான்” என்றார். கதிரை போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். நல்ல விலை, பிள்ளைகளுக்கு ஹோட்டலில் வேலை என்று வெயில் ஏறும்வரை பேசினார். நானும் தலையாட்டினேன். எழுதிக் கொண்டுவந்த கடதாசியை விரித்துப் பேனையை நீட்டினார்.

“முதல்ல நீங்க ஒப்பம் வைங்க மச்சான். மறுகா அவ வைப்பாதானே.”

“நான் எப்பிடி ஐயா வைக்கிற? பொஞ்சாதிட வீட்டுல திண்டு கிடக்கிறவனெல்லோ நான்.”

அவர் முகம் கறுத்தது. ஆறுதலாக இருந்து பார்த்தேன். பிறகுதான் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்தபடி வந்தா. வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை.

“தேத்தண்ணி குடிச்சிட்டாரா?”

“ஓம்.”

“அப்ப போகச் சொல்லுங்க. வந்த ஒழுங்கை கிடக்குத்தானே.”

இந்த வளவு நாளைக்குச் சின்ன மகளுக்கு. மகளே, உன் வாசலுக்கும் அவர் வருவார். முதலில் உன் புருசனிடம்தான் கேட்பார். கதிரை போடு, தேத்தண்ணி கொடு. பேனையை நீட்டும் வரைக்கும் அவனைத் தலையாட்டச் சொல்லு.