சாமி ஓடுபாதையைக் கடக்கும் நாள்

கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். விமானம் ஏன் விழாமல் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் பல வருஷம் விளக்கியிருக்கிறேன். ஆனால் அதில் ஏற எனக்குப் பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை. மஸ்கட்டில் இருக்கும் மகள் கூப்பிடும்போதெல்லாம், "உன் அம்மாவுக்குத் தலை சுத்தும், அவளாலே முடியாது" என்று பழியை மனைவி பேரில் போட்டுவிடுவேன். நாளடைவில் மனைவியும் அதை நம்பி, தனக்குத் தலைசுற்றல் உண்டு என்றே நாங்கள் குடியிருக்கும் கரமனை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகள் பிள்ளையுண்டானதும் அந்தச் சாக்கு செல்லவில்லை. பிரசவத்துக்கு அம்மா வந்தே ஆகவேண்டும் என்றாள். சரி என்றேன். தேதியை மட்டும் நான் குறித்தேன்: பங்குனி ஆராட்டு.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வருஷத்தில் இரண்டு முறை பத்மநாப சுவாமி நீராடக் கடலுக்குப் போவார்; அதுதான் ஆராட்டு. அவர் போகும் வழியில் பிற்பாடு விமான நிலையம் வந்துவிட்டது. அதனால் அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். சாமி ஓடுபாதையைக் கடந்து கடற்கரைக்குப் போவார்.

"அன்னிக்கு ஃப்ளைட் நிக்குமே?" என்றாள் மனைவி.

"டிக்கெட் விக்கறவாளுக்குத் தெரியாதா? பெருமாள் வர்ற பாதையிலே, அதே நாள் கிளம்பினா என்ன குறை வரும்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாங்கியது சாயங்காலம் ஐந்து மணி விமானத்துக்கு இரண்டு டிக்கெட். ரத்தாகும் என்று நம்பித்தான் வாங்கினேன்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டம்மாள் அவளை ஒரு மனப்பயிற்சி வகுப்புக்கு அழைத்துப்போனாள். நடக்க வேண்டியதை நடந்துவிட்டதாகவே நினைக்க வேண்டும், பேசவும் வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். மறுநாள் காலை பால் வரவில்லை.

"நிறுத்தச் சொல்லிட்டேன். நாமதான் மஸ்கட்டிலே இருக்கோமே" என்றாள்.

"நான் இங்கேதானே உக்காந்திருக்கேன்?"

"நீங்களும் அங்கேதான் இருக்கேள். அப்படித்தான் நெனைக்கணுமாக்கும்."

அதன்பின் தினமும் வரக்காப்பிதான். காய்காரி, "மாமி எப்போ போறேள்?" என்று கேட்டால், வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே, "போயாச்சு" என்பாள். நானும் சும்மா இருக்கவில்லை. கண்ணை மூடி, விமான நிலையப் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே 'ரத்து' என்று எழுதியிருப்பதாகத் தியானித்தேன். ஒரே வீட்டில், ஒரே முறைப்படி, எதிரெதிராக இரண்டு பிரார்த்தனைகள் நடந்துகொண்டிருந்தன.

ஆராட்டுக்கு முந்தின நாள் என் போனுக்குச் செய்தி வந்தது. விமானம் ரத்தாகவில்லை, மதியம் ஒரு மணிக்கு மாற்றியிருந்தார்கள். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தாலே போதும், விமானம் போய்விடும், பழி ஆராட்டுக்குச் சேரும் என்று கணக்குப் போட்டேன்.

காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு லேகிய டப்பாவுடன் நின்றாள். "ரோடெல்லாம் அடைச்சுடுவா. இப்பவே போய் உக்காந்துடலாம்."

"வயிறு சரியில்லை."

"மஸ்கட்டிலே போய்ப் பாத்துக்கலாம்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

"அஞ்சு மணி ஃப்ளைட்" என்று மனைவி சொன்னதும் கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள். "நல்ல வேளை வந்தது. நேரம் மாறின மெசேஜ் கிட்டியில்லே, அங்கிளே?"

"இல்லை" என்றேன்.

என் பெட்டியை எடைமேடையில் வைத்தார்கள். எண் மூன்றைத் தாண்டவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். குனிந்து பெட்டியைத் திறந்தாள். ஒரு வேட்டி, மீதி முழுக்கக் கசக்கி அடைத்த பழைய செய்தித்தாள்.

"மெசேஜ் நேத்தே வந்தது" என்றேன். "எனக்குப் பயம். தலைசுத்தல் உனக்கில்லை. அது நான் கட்டின கதையாக்கும்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். அவள் செய்தித்தாளைத் திரும்ப உள்ளே அடைத்து மூடினாள்.

"எனக்கு மட்டும் பயமில்லேன்னு நெனச்சேளா? அதனாலேதான் போயாச்சு போயாச்சுன்னு சொல்லிண்டிருந்தேன்." பிறகு அந்தப் பெண்ணிடம், "என் பெட்டி மட்டும் போறும்மா" என்றாள்.

உள்ளே போகும் வழியில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயணம் செய்யாத பயணியை என்ன செய்வது என்று காவலர்கள் சற்று நேரம் கூடிப் பேசினார்கள்; பிறகு ஒருவர் என்னை வெளியே கொண்டுவந்து விட்டார்.

சாலையோரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அவளுடைய விமானம் கிளம்பிக் கடல் பக்கமாக ஏறியது. அது போகக் கூடாது என்று இரண்டு மாதம் வேண்டியவன், அது விழக் கூடாது, போய்ச் சேர வேண்டும் என்று வாய்விட்டு முனகிக்கொண்டிருந்தேன். ஆராட்டுக்காகக் கயிறு கட்ட வந்தவர்கள் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

அந்த வாரமே பேத்தி பிறந்தாள். பிரசவத்தின்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா பக்கத்தில் இருந்தாள். என் எண்ணம் பலித்திருந்தால், பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கை இருந்திருக்காது.